சொல் தூய்மை இருவார விழா

பெட்டி காலி.

அதுதான் பிரச்சினை.

திருவிடந்தைக்குச் சற்றுத் தள்ளி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது அலை ஆய்வு மையம். கடலில் அலை வருகிறதா என்று பார்ப்பார்கள். வருகிறது என்று டெல்லிக்கு எழுதுவார்கள். டெல்லி நன்றி சொல்லிப் பதில் போடும். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒருநாள் டெல்லியிலிருந்து அலையே வந்துவிட்டது. ‘சொல் தூய்மை இருவார விழா’ கொண்டாட வேண்டும். யாரும் யாரையும் இழிவான சொல்லால் அழைக்கக் கூடாது. விழா முடிந்ததும் அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையில், இழிவாகப் பேசப்பட்ட ஒருவர் புகார் கொடுத்து, விசாரணை நடந்து, அவர் மகிழ்ச்சியடைந்த விவரம் கண்டிப்பாக இருக்க வேண்டும். மகிழ்ச்சிக்குப் புகைப்பட ஆதாரம் தேவை.

வரவேற்பறையில் எவர்சில்வர் பெட்டி வைத்தார்கள். பூட்டு போட்டார்கள். மேலே சிவப்பில் எழுதினார்கள்: ‘உங்களை யாராவது இழிவாகப் பேசினார்களா? உள்ளே போடவும்.’

நிர்வாகக் கண்காணிப்பாளர் லட்சுமணன் தினமும் காலையில் திறந்து பார்த்தார். முதல் வாரம் முழுக்கக் கிடைத்தது ஒரு பல்லி.

“பல்லியா?” என்றார் ருக்மிணி மேடம். நிர்வாகத் துணை இயக்குநர். சொல் தூய்மைக் குழுவின் தலைவர்.

“ஆமாம் மேடம்.”

“இத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் லட்சுமணன். ஒருவர்கூட ஒருவரை இழிவாகப் பேசவில்லையா? என்ன அலட்சியம் இது? டெல்லிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

லட்சுமணன் குழுவின் செயலாளர். அவரைச் செயலாளர் ஆக்கியதற்குக் காரணம் அவருடைய தமிழ். அவர் ‘என்ன’ என்றால் மூன்றெழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். ‘இருக்கிறது’ என்பதை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். புதிதாக வரும் எழுத்தர்களிடம் ருக்மிணி மேடம் அவரைக் காட்டிச் சொல்வார்: “நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.”

லட்சுமணன் பிறந்தது குப்பத்தில். மையத்தின் மொட்டை மாடியில் நின்றால் அந்தக் குப்பத்தின் படகுகள் தெரியும். அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போனவர். வேலையில் சேர்ந்தபோது லட்சுமணன் செங்கல்பட்டில் வாடகைக்கு வீடு பிடித்தார். ஆவணங்களில் செங்கல்பட்டு என்று ஏறியது. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்கள். அப்போதும் சொல்லவில்லை.

இது தெரிந்த ஒரே ஆள் அந்த வளாகத்தில் பொன்னி. கேன்டீனில் பரிமாறுபவள். லட்சுமணனின் சித்தப்பா மகள். வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “அங்கே அண்ணாத்த கிண்ணாத்த கூடாது. சார்.”

“சரி சார்” என்றாள் பொன்னி, அன்றிலிருந்தே.

கேன்டீன் சுத்த சைவம். இயக்குநரின் உத்தரவு. லட்சுமணனும் சைவம் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. அவர் அதைக் கலைத்ததில்லை. பொன்னி வீட்டிலிருந்து டப்பாவில் நெத்திலி வறுவல் கொண்டு வருவாள். அவர் தட்டு வரும்போது மட்டும் நெத்திலியை அடியில் வைத்து மேலே கோஸ் பொரியலைக் குவித்துவிடுவாள். லட்சுமணன் தலை நிமிராமல் சாப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கை உறிஞ்சி, “ஏதோ வாசனை வருகிறதே?” என்பார்கள்.

“கடல் காற்று” என்பார் லட்சுமணன்.

\*

பெட்டி நிரம்பாததற்குக் காரணம், எது இழிவு என்று ஊழியர்களுக்குத் தெரியாததுதான் என்று குழு முடிவு செய்தது. சென்னையிலிருந்து ரோஹித் என்ற ஆலோசகரை வரவழைத்தார்கள். இளைஞர். பாதிக் காலுக்கு பேன்ட், முழுக் கழுத்துக்கு அடையாள அட்டை. காதில் மைக்.

“ஃப்ரெண்ட்ஸ், இந்த வேர்ட்ஸ் எல்லாம் நமக்குள்ள இருக்கு. உள்ள இருந்தா விஷம். வெளிய வந்துட்டா ஃப்ரீ. நான் திரையில போடுறேன். எல்லாரும் சத்தமா மூணு தடவை சொல்லிடுங்க. அதோட முடிஞ்சுது.”

திரையில் முதல் சொல் வந்தது: சொட்டை.

அரங்கமே கத்தியது. “சொட்டை! சொட்டை! சொட்டை!”

முன்வரிசையில் கணக்கு அதிகாரி ஏசுபாதம் உட்கார்ந்திருந்தார். உச்சி பளபளவென்று இருக்கும். எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும், ஒத்துழைக்காவிட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, அவரும் கையை உயர்த்தி மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார். அடுத்து ‘நொண்டி’ வந்தது. தோட்டப் பராமரிப்பில் காலை இழுத்து நடக்கும் ஆராயி என்ற பெண், துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு வெளியே போனாள். ‘குண்டு’, ‘செவிடு’, ‘மாறுகண்’ என்று போய்க்கொண்டே இருந்தது. சிலருக்குத் தெரியாத சொற்களும் இருந்தன. குறித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை செங்கல்பட்டு போகும் அலுவலகப் பேருந்தில், அதுவரை ‘ஏசுபாதம் சார்’ என்றே அழைத்துவந்த ஓட்டுநர், “சொட்டை சார் ஏறிட்டாரா?” என்று கேட்டார். பேருந்து குலுங்கிச் சிரித்தது. ஏசுபாதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோவளம் போகும் வண்டிகளைப் பார்ப்பது போலப் பாவனை.

“விழிப்புணர்வு பரவுகிறது” என்று அறிக்கையில் எழுதச் சொன்னார் ருக்மிணி மேடம்.

\*

மறுநாள் மதியம் அது நடந்தது.

கேன்டீனில் இயக்குநர் டாக்டர் அச்சுதனின் மேஜை. உடன் நாலைந்து அதிகாரிகள், ஓரத்தில் லட்சுமணன். பக்கத்து மேஜையில் நிதின் என்ற இளம் விஞ்ஞானி போனில் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். சிக்னல் இல்லை, அதனால் தொண்டையால் ஈடுகட்டினார்.

இயக்குநர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“நிதின்! என்ன இது, குப்பத்துக்காரன் மாதிரி?”

மேஜை சிரித்தது. நிதினும் போனைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இயக்குநர் சொன்னால் சிரிப்பது அங்கே நெடுநாள் வழக்கம்.

லட்சுமணனும் சிரித்தார். வாயில் நெத்திலி இருந்தது.

அவருக்குப் பின்னால் ரசம் வாளியோடு பொன்னி நின்றிருந்தாள். இயக்குநரைப் பார்த்தாள். பிறகு லட்சுமணனைப் பார்த்தாள். வாளியை மேஜையிலேயே வைத்தாள். கரண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு நேரே வரவேற்பறைக்கு நடந்தாள்.

அங்கே ருக்மிணி மேடம் பெட்டியையே பார்த்தபடி நின்றிருந்தார்.

“மேடம், ஒரு கம்ப்ளெய்ன்ட்டு.”

மேடத்தின் முகம் மலர்ந்தது. பெட்டிக்குப் பூ வைக்காத குறை.

“வாம்மா, வா! உட்கார்! உள்ளே யாரப்பா, இந்த அம்மாவுக்கு ஒரு காபி! சொல்லும்மா, உன்னை யார் இழிவாகப் பேசியது? பயப்படாமல் சொல். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.”

“அய்யாதான்.”

“எந்த ஐயா?”

“பெரிய அய்யா. அங்க சோறு துன்னுகினு கீறாரே, அவரு. ஒருத்தரு கத்துனா குப்பத்துக்காரன் மாதிரின்றாரு. எங்க வூட்ல யாராச்சும் வந்து அவரு காதுல கத்துனாங்களா?”

மேடம் பெட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, “காபி வேண்டாம்” என்றார்.

\*

புகாரை வாங்காமல் விட முடியாது. அந்த இருவாரத்துக்கு அது ஒன்றுதான் தேறியிருந்தது. வாங்கினால் இயக்குநரை விசாரிக்க வேண்டும். குழு கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. முக்கியமான விசாரணைக்கு இயக்குநர் தலைமை தாங்குவதே மரபு. எனவே தன் மீதான விசாரணைக்கு டாக்டர் அச்சுதன் தலைமை தாங்கினார். நடு நாற்காலி அவருக்கு. ஒரு பக்கம் ருக்மிணி மேடம். மறுபக்கம் ஏசுபாதம், ரோஹித். கோடியில் பேனாவோடு லட்சுமணன். எதிரே பொன்னி, நின்றபடி. நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

“என் மீது என்ன குற்றச்சாட்டு?” என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக.

லட்சுமணன் எழுந்து படித்தார். ‘குப்பத்துக்காரன்’ என்ற சொல் வந்தபோது குரல் லேசாக இடறியது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பொன்னி, நான் மனம் திறந்து பேசுகிறேன். குப்பத்து மக்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுத் தோட்டக்காரர் யார்? குப்பம். துணி துவைப்பது? குப்பம். அவர்களை என் குடும்பமாகத்தான் நினைக்கிறேன். அவர்கள் காபி குடிப்பதற்கென்றே தனியாக டம்ளர் ஒதுக்கியிருக்கிறோம். வேறு யாரும் அதைத் தொட மாட்டோம். அந்த அளவுக்கு மதிப்பு.”

ரோஹித் நெகிழ்ந்தார். “சார், நீங்க ஒரு கேஸ் ஸ்டடி.”

லட்சுமணன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். டம்ளர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதியது.

“அது மட்டுமல்ல” என்று ருக்மிணி மேடம் எடுத்துக்கொடுத்தார். “குப்பம் என்பது என்ன? ஓர் ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னால் எப்படி இழிவாகும்? மதுரைக்காரர் என்கிறோம், யாராவது வருத்தப்படுகிறார்களா? தஞ்சாவூர்க்காரர் என்றால் பெருமைப்படுகிறார்கள். எனவே அந்தச் சொல்லில் இழிவே இல்லை.”

“இழிவே இல்லியா மேடம்?”

“துளியும் இல்லை.”

“அப்போ ஒங்கள யாராச்சும் குப்பத்துக்காரின்னு சொன்னா?”

ருக்மிணி மேடம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

“யாரைப் பார்த்து என்ன வார்த்தை சொல்கிறாய்? நான் யார், என் குடும்பம் என்ன! என் தாத்தாவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் முதல் மரியாதை! என்னைப் போய்… சார், நீங்களே கேட்டீர்களா?”

“கேட்டேன்” என்றார் இயக்குநர். முகம் கறுத்திருந்தது. “இதை எதிர்பார்க்கவில்லை.”

“இந்த மாதிரி ஒரு இழிவான சொல்லை என் சர்வீஸில் யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை!”

மேடத்தின் கண்கள் கலங்கியிருந்தன. ரோஹித் தண்ணீர் கொடுத்தார். ஏசுபாதம் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். எல்லாரும் தன் தலையைப் பார்ப்பதாகத் தோன்ற, மூடிக்கொண்டார்.

தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. எழுதியவர் லட்சுமணன். ஒன்று: இயக்குநர் சொன்ன சொல் இழிவானதல்ல. இரண்டு: அதே சொல்லைப் பொன்னி சொன்னது மிக இழிவானது. பாதிக்கப்பட்டவர் துணை இயக்குநர். எதிர்த்தரப்பு, பொன்னி.

எழுதி முடித்ததும் ருக்மிணி மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டெல்லிக்குத் தேவையான புகாரும் கிடைத்துவிட்டது” என்றார்.

பொன்னிக்குத் தண்டனை கிடையாது என்று இயக்குநர் அறிவித்தார். இது தண்டிக்கும் நிறுவனமல்ல, திருத்தும் நிறுவனம். அவள் பேச்சே அவளுக்குப் பகை. அதைத் தூய்மைப்படுத்திவிட்டால் போதும். நிறைவு விழா மேடையில் எல்லார் முன்னாலும் தூய தமிழில் பேசிக் காட்ட வேண்டும். பேசினால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படும்.

பேசாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பொன்னியின் புருஷன் படகு இன்ஜின் விசிறியில் கை சிக்கிக் கரையோடு நின்றுவிட்டவன். வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கேன்டீனால்தான். அந்த அறையில் அது தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“பயிற்சி கொடுக்க…” என்று இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். “நம் லட்சுமணனைவிடத் தகுதியானவர் யார்?”

\*

கேன்டீன் பலகையில் ‘நாஸ்தா’ அழிந்து ‘சிற்றுண்டி’ ஆனது. ‘பேஜாரு’ என்று சொன்ன எலக்ட்ரீஷியனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. கடற்கரையோரம் பிறந்த சொல் எதுவாக இருந்தாலும் அதைத் தூய்மையற்றது என்று வகைப்படுத்த ரோஹித் ஒரு மென்பொருள் கொண்டு வந்தார். அது ‘கடல்’ என்ற சொல்லையே முதலில் சிவப்பாக்கியது. சரிசெய்துவிட்டார்கள்.

கருத்தரங்க அறையில் ஏசி ஓடியது. நீள மேஜையின் ஒரு முனையில் லட்சுமணன். மறுமுனையில் பொன்னி.

“சொல்லு. என்ன.”

“இன்னா.”

“என்ன.”

“ன்னா.”

“பொன்னி!”

“சொல்றேன் இரு. நாக்கு வர மாட்டேன்றது.” அவள் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டாள். குளிர். “என்ன. போதுமா?”

“வீடு.”

“வீடு.”

“இருக்கிறது.”

“இருக்கிறது. ஏ அண்ணாத்த…”

லட்சுமணன் கதவைப் பார்த்தார். மூடித்தான் இருந்தது.

“மெதுவாகப் பேசு.”

“மெதுவாத்தான் பேசிகினு கீறேன். ஒன்னு கேக்கறேன். அன்னிக்கு சிரிச்சியே, இன்னாத்துக்கு?”

ஏசியின் சத்தம் கேட்டது.

“எல்லாரும் சிரித்தார்கள்.”

“எல்லாரும் சிரிச்சாங்க சரி. அவுங்களுக்கு குப்பம் இன்னான்னு தெரியாது. ஒங்க நைனா தெனம் தோ அந்தக் கரையில வலை பிரிச்சிகினு ஒக்காந்துகீறாரு. காத்துக்கு மேல கொரல் போனாத்தான் படகுல இருக்கறவனுக்குக் கேக்கும். அத்த நெனச்சா சிரிச்ச?”

அவர் எதையும் நினைத்துச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கே தாங்க முடியாமல் இருந்தது. நினைத்துச் சிரித்திருந்தால்கூட ஒரு கெட்டவனாகவாவது தன்னை வைத்துக்கொள்ளலாம். இது அதற்கும் கீழே. பேருந்தில் யாராவது எழுந்தால் கூடவே எழுவது போல, பழக்கத்தில் வந்த சிரிப்பு.

“நான் சொல்கிறேன்” என்றார் திடீரென்று.

“இன்னாத்த?”

“விழாவில். மைக்கில். நீ என் தங்கச்சி என்று. நானும் குப்பம்தான் என்று. எல்லார் முன்னாலும்.”

பொன்னி அவரையே பார்த்தாள்.

“மெய்யாலுமா?”

“மெய்யாலுமே” என்றார் லட்சுமணன்.

அந்தக் கட்டடத்துக்குள் அவர் வாயிலிருந்து விழுந்த முதல் குப்பத்துச் சொல் அது. சொன்னதும் மறுபடி கதவைப் பார்த்தார்.

பொன்னி சிரித்தாள். விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக. “அப்ப சரி. நீ அத்த சொல்லு. நான் இவுங்க கேக்கறத ஷோக்கா சொல்லிட்டுப் போறேன். எதுலர்ந்து ஆரம்பிக்கணும், சார்?”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கல்யாணியிடம் சொன்னார். கல்யாணி தோசைக் கல்லிலிருந்து திரும்பாமல் கேட்டாள்.

“சொல்லுங்களேன். சொன்னா என்ன ஆகிடும்?”

“ஒன்னும் ஆகாது.”

“வேலை போகுமா?”

“போகாது.”

“அப்புறம் என்ன பயம்?”

லட்சுமணன் தோசையைப் பிய்த்தார். “ஒன்னுமே ஆகாதுன்னு தெரிஞ்சா, இத்தனை வருஷம் எதுக்கு மறைச்சேன்னு ஆகிடுமே.”

கல்யாணி அடுத்த தோசையைத் தட்டில் போட்டாள்.

\*

நிறைவு விழா. வாழைமரம், மேளம், பிளெக்ஸ். பிளெக்ஸில் ஒரு வெள்ளைப்புறா வாயில் ‘அ’ என்ற எழுத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. அரங்கு நிறைந்திருந்தது. வராதவர்களுக்கு அரைநாள் விடுப்பு கழிக்கப்படும் என்று அறிவித்திருந்தார்கள்.

இயக்குநர் பேசினார்.

“இந்த இருவாரத்தில் நம் வளாகத்திலிருந்து இழிசொல்லை வேரோடு பிடுங்கி எறிந்திருக்கிறோம். இனி இங்கே யாரும் யாரையும் தாழ்த்திப் பேச முடியாது. தாழ்ந்தவர்களே தங்களை உயர்த்திக்கொள்ள வழி செய்திருக்கிறோம். சாட்சி வேண்டுமா? இதோ!”

பொன்னி மேடைக்கு வந்தாள். பட்டுப்புடவை. ருக்மிணி மேடம் கொடுத்தது; விழா முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். கையில் ஒரு தட்டு, அதில் ஒரு டம்ளர் காபி.

மைக்கை லட்சுமணன்தான் பிடித்தார்.

“மாண்புமிகு இயக்குநர் ஐயா அவர்களுக்கு வணக்கம்” என்றாள் பொன்னி. ஒரு எழுத்து பிசகவில்லை. “தங்களுக்கு என்ன வேண்டும்? காபி சூடாக இருக்கிறது. தாங்கள் அருந்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ரோஹித் விசிலடித்தார். ருக்மிணி மேடம் மறுபடி கண்ணைத் துடைத்தார். இந்தத் தடவை ஆனந்தம். கேமராக்காரர் கத்தினார்: “அம்மா, சந்தோஷமா! டெல்லிக்குப் போகுது, இன்னும் கொஞ்சம் சந்தோஷமா!”

இயக்குநர் காபியை வாங்கினார். நெகிழ்ந்திருந்தார்.

“பார்த்தீர்களா! இப்போது இவளை யாராவது குப்பத்துக்காரி என்று சொல்ல முடியுமா?”

மறுபடி கைதட்டல்.

“இதற்கெல்லாம் காரணம் ஒருவர். ‘சொல் தூய்மைச் செம்மல்’ விருது அவருக்கே. லட்சுமணன்!” இயக்குநர் அவர் தோளில் சால்வையைப் போட்டார். அப்படியே தோளில் கை போட்டு, மைக்கை அவர் பக்கம் சாய்த்தார். “சொல்லுங்கள் லட்சுமணன். எங்களுக்கெல்லாம் ரொம்ப நாளாக ஆச்சரியம். இவ்வளவு சுத்தமான தமிழ் எங்கிருந்து வந்தது? உங்களுக்கு எந்த ஊர்? எந்தக் குடும்பம்?”

கேள்வி வந்துவிட்டது. தட்டில் வைத்துக் கொடுத்தது போல.

அரங்கம் அவரைப் பார்த்தது. முதல் வரிசையில் ஏசுபாதம். பின்னால் கதவோரம் ஆராயி. ஓட்டுநர். நிதின். எல்லாரும் புன்னகையோடு காத்திருந்தார்கள். பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு பொன்னி. அவளும் பார்த்தாள். அவள் புன்னகைக்கவில்லை. கண் மட்டும் லேசாக விரிந்திருந்தது. தம்பி பந்தயத்தில் ஓடும்போது கோட்டருகே நிற்கும் அக்கா மாதிரி. இத்தனைக்கும் அவள் தங்கச்சி.

லட்சுமணன் வாயைத் திறந்தார்.

ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. படகுகள் தெரிந்தன.

“நான்…” என்றார்.

மைக் ‘கீ’ என்று ஒரு தடவை கத்தி அடங்கியது. இயக்குநர் சிரித்தார். “என்ன லட்சுமணன், மைக்கே குப்பத்துப் பாஷை பேசுகிறது!” அரங்கம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு முதல் வரிசையிலிருந்து மேடைக்கு ஏறி வந்து அவர் மேல் மோதியது.

லட்சுமணனின் உதடும் விரிந்தது. தானாக.

“செங்கல்பட்டு” என்றார்.

பொன்னியின் கையிலிருந்த தட்டு ஒரு கணம் சாய்ந்து, நிமிர்ந்தது.

“செங்கல்பட்டில் எங்கே?” என்றார் இயக்குநர் விடாமல். “குடும்பம் பூர்வீகமாகவே அங்கேதானா?”

லட்சுமணனால் அதற்கு மேல் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை. இயக்குநரின் புருவம் கேள்வியாக உயர்ந்தது. அப்போதுதான் பக்கத்திலிருந்து குரல் வந்தது, தெளிவாக, நிதானமாக, அவர் கற்றுக்கொடுத்த அதே உச்சரிப்பில்.

“ஆம் ஐயா. சார் அவர்களின் குடும்பம் பரம்பரையாகச் செங்கல்பட்டில்தான் இருக்கிறது. கேன்டீனில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் குப்பத்துப் பக்கம் அவர் வந்ததே கிடையாது.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புகைப்படம் அருமையாக வந்தது. டெல்லி அதை அட்டைப்படமாகப் போட்டது.

\*

மறுநாள் மதியம் லட்சுமணன் கேன்டீனுக்கு எல்லாருக்கும் முன்னால் வந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மேஜைகள் நிரம்பத் தொடங்கின. ருக்மிணி மேடம் வந்தார். ஏசுபாதம் வந்தார். இயக்குநரின் மேஜை ஓரத்தில் லட்சுமணனின் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே போகாமல் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

பொன்னி பருத்திப் புடவையில் இருந்தாள். ஒப்பந்தம் காலையில்தான் நீட்டிக்கப்பட்டிருந்தது; கையெழுத்துக்கு அனுப்பியவர் அவரே.

அவர் முறை வந்தது. தட்டை நீட்டினார். பிறகு, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, காற்றுக்கு மேலே போகும் குரலில், சொன்னார்:

“இன்னா பொன்னி, கோவமா கீறியா? அண்ணன் மேல கோவிச்சிகினு கீறியா?”

கேன்டீன் திரும்பிப் பார்த்தது. ருக்மிணி மேடத்தின் ஸ்பூன் பாதியில் நின்றது. யாரோ, “லட்சுமணன் சார் நல்லா மிமிக்ரி பண்றாரே” என்றார். சிரிப்பு. ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை.

பொன்னி கரண்டியை வாளி விளிம்பில் தட்டினாள். நிமிர்ந்தாள். கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“மன்னிக்க வேண்டும் ஐயா” என்றாள். ஒரு எழுத்து பிசகவில்லை. “அந்தச் சொற்கள் இங்கே பயன்பாட்டில் இல்லை. தங்களுக்கு என்ன வேண்டும்?”

அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல முடியவில்லை. பின்னால் வரிசை நெருக்கியது. அவள் சோற்றைப் போட்டாள், சாம்பாரை ஊற்றினாள், கோஸ் பொரியலைக் குவித்தாள். வழக்கம் போலவே கொஞ்சம் தாராளமாக.

லட்சுமணன் மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்தார். யாரும் பார்க்காதபோது விரலால் பொரியலை ஒதுக்கினார். இன்னும் ஒதுக்கினார். தட்டின் அடி தெரியும்வரை ஒதுக்கினார்.

கோஸ்தான் இருந்தது.